ஊழியம் என்ற சொல்லிலிருந்து தொடங்கலாம்

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலிப் பக்கத்துச் சபை ஒன்றில் வளர்ந்தவர் நீங்கள். இப்போது சென்னையில் மென்பொருள் வேலை. சனிக்கிழமை இரவு ஷிப்ட் முடிந்து ஞாயிறு விடிகாலையில்தான் படுக்கிறீர்கள். ஆலயத்துக்குப் போய் ஏழெட்டு மாதம் ஆகிவிட்டது. ‘வாழ்க்கையே ஆராதனை’ என்று பிரசங்கங்களில் கேட்டிருக்கிறீர்கள். அது உண்மையானால் ஞாயிறு ஆராதனை எதற்கு என்பது உங்கள் முதல் கேள்வி. வாழ்க்கையை ஆராதனையாக வாழ்வது என்றால் நடைமுறையில் என்ன என்பது இரண்டாவது.

இரண்டாவது கேள்விக்குப் பதில் தேடினாலே முதலாவதற்கும் விடை கிடைத்துவிடும் என்று நினைக்கிறேன். அதனால் பின்னாலிருந்து வருகிறேன்.

முதலில் இந்த ‘ஆராதனை’ என்ற சொல் நம்மைப் படுத்தும் பாட்டைப் பார்த்துவிடுவோம். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) வீட்டில் “ஆராதனை எத்தனை மணிக்கு?” என்றால் ஞாயிறு காலை ஆலயத்தில் நடப்பது முழுவதும்: பாவ அறிக்கை, சங்கீதம், பாட்டு, பிரசங்கம், காணிக்கை, ஆசீர்வாதம் எல்லாம் சேர்த்து. கத்தோலிக்க வீட்டில் அதைத் திருப்பலி அல்லது பூசை என்பார்கள். அங்கே ஆராதனை என்றால் பெரும்பாலும் நற்கருணை ஆராதனை. பெந்தெகொஸ்தே சபைகளில் பாடும் பகுதிக்கே அந்தப் பெயர். அதிலும் வேகமாகக் கைதட்டிப் பாடினால் துதி, மெதுவாகக் கண்ணை மூடிப் பாடினால் ஆராதனை என்று ஒரு பிரிவினை வந்துவிட்டது. தாளத்தைக் கொண்டு இறையியலைப் பிரிக்கும் இந்த ஏற்பாட்டை வேதத்தில் எங்கே கண்டுபிடித்தார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பாட்டை நான் குறைத்துச் சொல்லவில்லை. கீர்த்தனை கேட்டே வளர்ந்தவன் நான். ஆனால் ஆராதனை என்றால் பாட்டு என்று பழகிவிட்டவருக்கு ‘வாழ்க்கையே ஆராதனை’ என்று சொன்னால், நாள் முழுவதும் காதில் பாட்டை ஓடவிடுவது என்றுதான் தோன்றும். நீங்களும் அலுவலகத்தில் அப்படிச் செய்வதாக எழுதியிருந்தீர்கள். தவறில்லை. அது பாட்டுக் கேட்பது, அவ்வளவுதான்.

வழிபாடு என்ற தமிழ்ச் சொல் இந்த விஷயத்தில் நமக்கு அதிகம் உதவும். வழிபடுதல் என்றால் பழைய தமிழில் பின்பற்றுதல், சொன்னபடி நடத்தல். புறநானூற்றில் ‘வழிபடுவோரை வல்லறிதீயே’ என்று சோழன் ஒருவனைப் பார்த்துப் புலவர் பாடுகிறார். உன் வழியில் நிற்பவர்களை நீ விரைவில் அறிந்துகொள்கிறாய் என்று பொருள். அங்கே பூவும் இல்லை, தூபமும் இல்லை. ஒருவருடைய வழியில் நடப்பதுதான் வழிபாடு. அப்போஸ்தலருடைய நடபடிகளில் முதல் கிறிஸ்தவர்களுக்கு ‘இந்த மார்க்கத்தார்’ என்றுதான் பெயர். மார்க்கம் என்றாலும் வழிதான்.

ஆனால் என்னை அதிகம் யோசிக்கவைத்த சொல் வேறு. ஊழியம்.

எபிரேய மொழியில் ‘அவோதா’ என்று ஒரு சொல் உண்டு. வேலை என்றும் பொருள், அடிமை வேலை என்றும் பொருள், ஆராதனை என்றும் பொருள். ஆதாமை ஏதேன் தோட்டத்தில் வைத்தபோது அதைப் பண்படுத்தவும் காக்கவும் வைத்தார் என்று ஆதியாகமம் சொல்கிறது. பண்படுத்துவதற்கு அங்கே வருவது இந்த வேர்ச்சொல்தான். வழிபாட்டுப் பணிக்கென்று ஒதுக்கப்பட்ட லேவியர், ஆசரிப்புக் கூடாரத்தில் செய்யும் பணிவிடைக்கும் அதே சொல். யாத்திராகமத்தில்தான் வேடிக்கை. முதலாம் அதிகாரத்தில் எகிப்தியர் இஸ்ரவேலரைச் செங்கல்லும் சாந்தும் சுமக்கவைத்துக் கொடுமையாய் வேலை வாங்குகிறார்கள். ஏழாம் அதிகாரத்தில் மோசே பார்வோனிடம் போய், எனக்கு ஆராதனை செய்ய என் ஜனங்களை அனுப்பிவிடு என்று கர்த்தர் சொல்வதாகச் சொல்கிறார். தமிழில் ஒன்று வேலை, மற்றொன்று ஆராதனை. எபிரேயத்தில் இரண்டும் ஒரே வேர். அப்படியானால் பார்வோனுக்கும் கடவுளுக்கும் நடந்த வழக்கு, இந்த மக்கள் யாருக்கு வேலை செய்கிறவர்கள் என்பதுதான். ஆராதனை செய்ய விடு என்று கேட்டபோது பார்வோன், இவர்கள் சோம்பேறிகள், வேலையைக் கூட்டு என்று உத்தரவிட்டதும் அதனால்தான். அவனுக்கு விஷயம் சரியாகவே புரிந்திருந்தது.

இனி தென் திருவிதாங்கூருக்கு வாருங்கள். இன்றைய கன்னியாகுமரி மாவட்டம். அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊழியம் என்றால் கூலியில்லாத கட்டாய வேலை. ஒடுக்கப்பட்ட சாதியினர் சுமை தூக்க வேண்டும்; அதிகாரிகள் பயணம் போனால் பொருள் கொண்டுசேர்க்க வேண்டும்; திருவிழா என்றால் வேண்டியதைக் கொடுத்து உழைக்க வேண்டும். கேட்பதற்கு ஆளில்லை. மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் வேதமாணிக்கம் தஞ்சாவூரில் சுவிசேஷம் கேட்டு வந்தார்; அவருடைய ஊருக்கு 1806ஆம் ஆண்டில் ரிங்கல்தௌபே என்ற லண்டன் மிஷன் ஊழியர் வந்தார். சபை வளர்ந்தது. பிறகு கர்னல் மன்றோ ரெசிடெண்டாக, அதாவது ஆங்கிலேயரின் பிரதிநிதியாக, இருந்த காலத்தில், கிறிஸ்தவர்களான இம்மக்களை ஞாயிற்றுக்கிழமைகளில் ஊழியத்துக்கு இழுக்கக்கூடாது என்று விலக்குக் கிடைத்தது.

ஒரு நாள்தான். மற்ற ஆறு நாளும் பழையபடிதான். ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையை நினைத்துப் பாருங்கள். நேற்றுவரை எவனோ வந்து வாசலில் நின்று கூப்பிட்டால் சுமையெடுத்துத் தலையில் வைக்க வேண்டியவர், அன்றைக்குக் குளித்து, வேட்டி மாற்றி, ஆலயத்துக்கு நடந்து போகிறார். வழியில் அதிகாரியின் ஆள் நிற்கிறான். தடுக்க முடியவில்லை. இவர் இன்றைக்கு வேறொருவருக்கு ஊழியக்காரர்.

இப்போது நம் சபைகளில் ‘அவர் ஊழியம் செய்கிறார்’ என்றால் பிரசங்கம் செய்கிறார் என்று பொருள். அடிமைத்தனத்தின் பெயராக இருந்த சொல் இறைப்பணியின் பெயராக நின்றுவிட்டது. எபிரேயர்களுக்கு நடந்ததே தமிழிலும் நடந்திருக்கிறது. இது மொழியியல் வேடிக்கை மட்டும் அல்ல என்பதற்காகத்தான் இவ்வளவு தூரம் உங்களை அழைத்து வந்தேன். வாழ்க்கையே ஆராதனை என்ற வாக்கியத்துக்கு என்னால் தர முடிந்த நேரான விளக்கம் இதுதான்: உங்கள் உழைப்பின் மேலும் உடலின் மேலும் யாருக்கு உரிமை என்ற கேள்விக்கு ஒவ்வொரு நாளும் கொடுக்கும் பதில்.

உடல் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். எல்லாரும் மேற்கோள் காட்டும் ரோமர் 12:1ஐ மெதுவாக வாசியுங்கள். ‘உங்கள் சரீரங்களைப் பரிசுத்தமும் தேவனுக்குப் பிரியமுமான ஜீவபலியாக ஒப்புக்கொடுக்கவேண்டும்’ என்கிறார் பவுல். இருதயங்களை என்று சொல்லவில்லை. இருதயத்தை ஒப்புக்கொடுப்பது சுலபம். யாரும் சரிபார்க்க முடியாது. சரீரம் என்றால் கையும் காலும் நாக்கும் வயிறும். நம் ஊர்க் கொடைவிழாவில் கிடா வெட்டுவதைப் பார்த்தவர்களுக்குப் பலி என்றால் என்னவென்று விளக்க வேண்டாம். பலியானது எழுந்து நடக்காது. ஆகவே ஜீவபலி என்பது முரணான சொல். தினமும் காலையில் எழுந்து நடக்கிற பலி. சொல்லப்போனால் பலிபீடத்தைவிட்டு இறங்கிப் போய்விடும் வசதியும் அதற்கு இருக்கிறது. நாம் பெரும்பாலும் செய்வது அதைத்தான்.

இதுவே ‘நீங்கள் செய்யத்தக்க புத்தியுள்ள ஆராதனை’ என்று அந்த வசனம் முடிகிறது. 1995ல் வந்த வேதாகமப் பொது மொழிபெயர்ப்பில் இது ‘உள்ளார்ந்த வழிபாடு’ என்று இருக்கும். கிரேக்கத்தில் இருப்பது ‘லத்ரேயா’, ஆலயப் பணிவிடையைக் குறிக்கும் சொல். அந்த ஆலயச் சொல்லைத் தூக்கிக்கொண்டு பவுல் எங்கே போகிறார் என்று அதே அதிகாரத்தின் மீதியில் தெரியும். அந்நியரை உபசரியுங்கள். துன்பப்படுத்துகிறவர்களை ஆசீர்வதியுங்கள். அழுகிறவர்களுடன் அழுங்கள். தாழ்ந்தவர்களோடு இணங்கியிருங்கள். உன் எதிரி பசியாயிருந்தால் சாப்பாடு போடு. பாட்டைப் பற்றி ஒரு வார்த்தைகூட அங்கே இல்லை. அடுத்த அதிகாரத்தில் வரி கட்டச் சொல்கிறார்! வருமான வரிப் படிவத்தை நேர்மையாக நிரப்புவது ஆராதனையின் பகுதி என்று பிரசங்கித்தால் காணிக்கைப் பை லேசாகிவிடும் என்று நம் போதகர்கள் பயப்படுகிறார்களோ என்னவோ, இந்தத் தொடர்ச்சியை யாரும் வாசிப்பதில்லை.

தீர்க்கதரிசிகள் இதைவிடக் கடுமையாகப் பேசினார்கள். ஆமோஸ் தெக்கோவாவைச் சேர்ந்த மேய்ப்பன். காட்டத்திப் பழம் பொறுக்குகிறவன். வடக்கே பெத்தேலுக்குப் போய், அங்கே ஜோராக நடந்துகொண்டிருந்த ஆராதனையைப் பார்த்து, உன் பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்று என்று கர்த்தர் சொல்வதாகச் சொன்னான். இரைச்சல்! ஒலிபெருக்கி இல்லாத காலத்திலேயே. காரணம் பாட்டு சுருதி தப்பியது அல்ல. அந்த ஜனங்கள் மரக்காலைச் சிறிதாக்கினார்கள். ஒரு ஜோடு பாதரட்சைக்காக ஏழையை விற்றார்கள். ஓய்வுநாள் எப்போது முடியும், தானியக் கடையைத் திறக்கலாம் என்று காத்திருந்தார்கள். ‘நியாயம் தண்ணீரைப்போலவும், நீதி வற்றாத நதியைப்போலவும் புரண்டுவரக்கடவது’ என்ற வசனத்தைச் சுவரில் மாட்டியிருக்கிறோம். அதற்கு முந்தைய வசனங்களை யாரும் சட்டம் போட்டு மாட்டுவதில்லை.

நம்முடைய கணக்கையும் பார்க்க வேண்டும். வடக்கன்குளத்தில் 1872ல் கட்டி முடித்த கத்தோலிக்க ஆலயம் கால்சட்டையின் இரண்டு கால்களைப் போல இரண்டாகப் பிரிந்த அமைப்புக் கொண்டது. ஒரு பக்கம் வேளாளர், மறுபக்கம் நாடார், நடுவே தடுப்பு, பீடம் மட்டும் பொது. ஒரே குரு, ஒரே பலி, இரண்டு கூட்டம். 1910ல் அங்கிருந்த குரு அந்தத் தடுப்பை இடிக்கச் செய்தார். இடித்ததை எதிர்த்து நீதிமன்றத்துக்குப் போனார்கள், தோற்றார்கள். சீர்திருத்தச் சபைகளும் யோக்கியமாக இருந்துவிடவில்லை. கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833ல், சபைக்குள் சாதி வேறுபாடு உடனடியாக, முடிவாகக் கைவிடப்பட வேண்டும் என்று தென்னிந்தியச் சபைகளுக்கு எழுதியபோது, வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் ஆலயத்துக்கு வருவதையே நிறுத்திக்கொண்டார்கள். சேர்ந்து உட்கார்ந்து ஆராதிப்பதைவிட ஆராதிக்காமல் இருப்பதே மேல் என்று தோன்றியது அவர்களுக்கு. இதில் எனக்கு வலிக்கும் செய்தி, சாதி வழக்கங்களை ஆதரித்து எழுதியவர்களில் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரும் ஒருவர் என்பது. அவருடைய பாட்டுகள் இல்லாமல் தமிழ்க் கிறிஸ்தவ ஆராதனையை நினைத்துப் பார்க்க முடியாது. நானும் பாடுகிறேன், கண் கலங்கிப் பாடுகிறேன். அந்தக் கவிதையும் அந்தக் கருத்தும் ஒரே மனிதரிடமிருந்து வந்தவை என்பதை மறைக்கவும் முடியாது. நன்றாகப் பாடுவது ஒன்று, வழிபடுவது ஒன்று என்பதற்கு இதைவிட அருகில் சான்று வேண்டுமா?

கொரிந்துவிலும் இதே கதைதான் நடந்தது. அங்கே கர்த்தருடைய பந்தி என்பது உண்மையான சாப்பாட்டோடு சேர்ந்தது. வசதியானவர்கள் முன்னதாக வந்து தங்கள் உணவைத் தின்றுவிட்டார்கள். வேலை முடிந்து வந்த ஏழைகள் பசியோடு நின்றார்கள். பவுல் அதைப் ‘பண்பாட்டுக் குறை’ என்று விட்டுவிடவில்லை. நீங்கள் கூடிவந்து செய்வது கர்த்தருடைய இராப்போஜனமே அல்ல என்று அடித்துச் சொல்லிவிட்டார். ஜெபம் சரி, அப்பம் சரி, ரசம் சரி. பக்கத்தில் நிற்பவனின் வயிறு காலி என்பதால் ஆராதனை செல்லாது.

மலைப்பிரசங்கத்தில் ஒரு வசனம் உண்டு: பலிபீடத்தருகே காணிக்கையோடு நிற்கும்போது, உன்மேல் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகு. கேட்கச் சாதாரணமாக இருக்கும். இயேசு இதைச் சொன்னது கலிலேயாவில். பலிபீடம் இருந்தது எருசலேமில். நடந்தால் மூன்று நாள். ஆட்டைக் கட்டிப்போட்டுவிட்டு மூன்று நாள் நடந்து ஊருக்குப் போய், அண்ணன் தம்பி பேசித் தீர்த்துக்கொண்டு, மறுபடி மூன்று நாள் நடந்து வர வேண்டும். கேட்ட கலிலேயர்கள் சிரித்திருக்கவும் கூடும். நம் ஊரில் வரப்புத் தகராறில் பேச்சை நிறுத்திய அண்ணன் தம்பிகள் ஒரே ஆலயத்தில் வலப்பக்கமும் இடப்பக்கமுமாக முப்பது வருடம் உட்கார்ந்து எழுந்ததை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு நடக்க வேண்டிய தூரம் பன்னிரண்டு அடி.

சரி, அன்றாட வேலைக்கு வருவோம். உங்களுக்கு ஏற்ற ஆள் பாரிஸ் நகரத்துச் சகோதரர் லாரன்ஸ் என்று நினைக்கிறேன். லொரேன் பகுதியைச் சேர்ந்தவர், இயற்பெயர் நிக்கோலா எர்மான். முப்பதாண்டுப் போரில் சிப்பாயாக இருந்து காயப்பட்டு, பிறகு 1640ல் கார்மேல் சபை மடம் ஒன்றில் சேர்ந்தார். படிப்பு அதிகம் இல்லாததால் குருவாகவில்லை, சமையலறைக்கு அனுப்பினார்கள். அவருக்குச் சமையல் வேலை பிடிக்கவே பிடிக்காது என்பதுதான் இதில் முக்கியம். அந்தப் பிடிக்காத வேலையைப் பல வருடம் செய்தார். பிறகு செருப்புத் தைக்கும் வேலை. மடத்துக்குத் திராட்சரசம் வாங்க ஒருமுறை பர்கண்டிக்கு அனுப்பினார்கள். கால் ஊனம், படகில் நடக்க முடியாமல் பீப்பாய்களின் மேல் உருண்டு உருண்டு போய் வியாபாரத்தை முடித்துக்கொண்டு வந்தாராம். வேலை நேரமும் ஜெப நேரமும் தமக்கு வேறு வேறு அல்ல என்றும், சமையலறைச் சத்தத்தில், நாலு பேர் நாலு பொருள் கேட்கும்போதும், முழங்காலில் நிற்கும்போது போலவே கடவுளோடு இருப்பதாகவும் அவர் சொன்னதை மற்றவர்கள் எழுதி வைத்தார்கள். அவர் காலமானது 1691ல். அடுப்படியில் அவர் புதிதாக எதையும் செய்யவில்லை. கடவுளுக்காக முட்டை அடையைத் திருப்பிப் போட்டார், அவ்வளவுதான்.

அவருக்கு ஆயிரம் வருடத்துக்கு முன்பே பெனடிக்ட் தம் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கில், மடத்துப் பண்டகசாலைக்காரர் அங்குள்ள பாத்திரங்களையும் கருவிகளையும் பலிபீடத்தின் திருப்பாத்திரங்களைப் போலவே மதிக்க வேண்டும் என்று சொன்னார். மண்வெட்டியும் திருக்கிண்ணமும் ஒன்று! பின்னாளில் துறவை விட்ட சீர்திருத்தவாதி லூதர் 1520ல், வயலில் உழுகிறவனின் வேலையும் வீட்டில் பெண் செய்யும் வேலையும் துறவிகளின் வேலைகளைவிடக் கடவுளின் பார்வையில் குறைந்தவை அல்ல என்று எழுதினார். துறவி, துறவை விட்டவர் இருவரும் வந்துசேர்ந்த இடம் ஏறக்குறைய ஒன்றுதான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ‘வேலையே ஆராதனை’ என்ற பேச்சு முதலாளிகளுக்கு மிகவும் பிடித்த பேச்சு. கிறிஸ்தவ நிறுவனங்களும் விலக்கல்ல. எனக்குத் தெரிந்த ஒரு நிறுவனத்தில் ஆசிரியைகளுக்கு மாதக்கணக்கில் சம்பளம் வரவில்லை. கேட்கப் போனால், ‘இதை ஊழியமாக நினைத்துச் செய்யுங்கள்’ என்று பதில் வந்தது. பார்த்தீர்களா, சொல் தன் பழைய பொருளுக்கே திரும்பிப் போய்விட்டது, கூலியில்லா வேலை! யாக்கோபு தம் நிருபத்தில், வயல் அறுத்தவர்களின் கூலியைப் பிடித்துவைத்தால் அந்தக் கூலியே கூக்குரலிடுகிறது என்கிறார். அந்தக் கூக்குரல் எட்டும் இடத்துக்குத்தான் நம் பாட்டும் போகிறது. உங்கள் மேலாளர் பதினான்கு மணி நேரம் வேலை வாங்கினால் அதை ஆராதனை என்று ஆன்மிகப்படுத்திப் பொறுத்துக்கொள்ளச் சொல்பவன் நான் அல்ல. அவர் பார்வோனின் தூரத்து உறவினராக இருக்கக்கூடும்.

அப்படியானால் வேலை எப்போது ஆராதனையாகும்? என் பதில் பெரிதாக ஒன்றுமில்லை. அந்த வேலையின் மறுமுனையில் இருக்கும் மனிதருக்கு அதனால் நன்மை வந்தால். அதில் பொய் இல்லாவிட்டால். அதை நிறுத்தவும் உங்களுக்குத் தெரிந்திருந்தால். நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் என்பவர் 1820களில் மிஷன் பள்ளிப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அதில் கிடைத்த கூலியைச் சேர்த்து, அடிமைப் பெண்கள் சிலர் தங்களையே விலை கொடுத்து மீட்டுக்கொண்டார்கள். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855ல்தான். இவர்கள் அதற்கு முன்பே நூலால் கட்டை அறுத்துவிட்டார்கள். அந்தப் பெண்கள் பின்னும்போது பாடினார்களா என்று தெரியாது. பாடாவிட்டாலும் அது அவோதாதான்.

வீட்டு விஷயம் உங்களுக்கே தெரியும், சுருக்கமாகச் சொல்கிறேன். நம் பாட்டிகள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். பிடியரிசி. வார முடிவில் சபைக்குப் போகும், அங்கிருந்து ஏழை வீட்டுக்குப் போகும். மிசோரம் சபைகளில் இதே வழக்கம் 1910 முதல் இருக்கிறது. அங்கே அந்தப் பிடியரிசியைக் கொண்டே பெரிய அளவில் மிஷனரிப் பணியைத் தாங்குகிறார்கள். இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், வீட்டில் அரிசி குறைவாக இருக்கும் நாளிலும் பிடி மட்டும் குறைவதில்லை. வேளைக்கு ஒருமுறை, அடுப்பின் முன், யாரும் பார்க்காமல், கையால் செய்யும் ஆராதனை. அறுப்பின் பண்டிகையில் முதல் காய்த்த பூசணியைக் கொண்டுபோய் வைப்பதும், அதைப் பக்கத்து வீட்டுக்காரர் ஏலத்தில் மூன்று மடங்கு விலைக்கு எடுப்பதும், அசனம் என்ற சபை விருந்தில் ஊரே ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவதும் இதே வகை. குடும்ப ஜெபத்தைச் சேர்க்கலாமா என்றால், சேர்க்கலாம். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவைப் பின்வாசலில் நிற்கவைத்துவிட்டு நடத்தாத வரையில்.

நகரத்தில் ஒற்றை அறையில் இருக்கும் உங்களுக்கு அரிசிப் பானை பொருந்தாது. சம்பளம் வந்த அன்றே, வேறு எதற்கும் முன், ஒரு பங்கை ஒதுக்கிவையுங்கள். எவ்வளவு என்று உங்களுக்கும் கடவுளுக்கும் தெரிந்தால் போதும். ஷிப்டுக்குப் போகும்முன் ஒரு சங்கீதம். காப்பி கொண்டுவரும் பையனின் பெயர் தெரியுமா உங்களுக்கு? அதிலிருந்து தொடங்கலாம். பேசாமல் இருக்கும் சித்தப்பாவுக்கு ஒரு போன்.

இப்போது முதல் கேள்வி: இதெல்லாம் செய்தால் ஞாயிறு எதற்கு?

ஞாயிற்றுக்கிழமை நமக்குக் கிடைத்தது எப்படி என்று மேலே சொன்னேன். ஓய்வுநாள் கட்டளைக்கு உபாகமம் சொல்லும் காரணமும் அதுதான்: நீ எகிப்தில் அடிமையாயிருந்தாய், உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப் போலவே இளைப்பாறட்டும். வாரத்தில் ஒரு நாளாவது பார்வோனுக்கு உங்கள் மேல் உரிமை இல்லை என்று உரக்கச் சொல்ல ஓர் இடம் வேண்டும். தனியாகப் படுக்கையில் படுத்துக்கொண்டு காதில் பாட்டைக் கேட்டு அதைச் சொல்ல முடியாது. அங்கே உங்களுக்குப் பிடித்த பாட்டு, உங்களுக்குப் பிடித்த பிரசங்கியார், பிடிக்காவிட்டால் விரலால் தள்ளிவிடலாம். ஆலயத்தில் பிடிக்காத பாட்டையும் பாட வேண்டும். பிடிக்காத ஆளுக்கும் பக்கத்தில் முழங்கால்படியிட வேண்டும். ஒரே பாத்திரத்தில் பங்குபெற வேண்டும். நீங்கள் தேர்ந்தெடுக்காத மனிதர்களோடு சேர்ந்து நிற்கப் பழகும் இடம் அது. ஆறு நாளும் அலுவலகத்திலும் தெருவிலும் தேவைப்படுவதும் அந்தப் பழக்கம்தான். வடக்கன்குளத்துத் தடுப்பு இடிந்தது அவரவர் வீட்டில் இருந்து ஜெபித்ததால் அல்ல; ஒரே ஆலயத்துக்கு எல்லாரும் வர வேண்டியிருந்ததால்தான் அது பிரச்சினையாகவே ஆனது.

ஞாயிறு விடுமுறை என்பதும் பின்னால் வந்தது. கான்ஸ்டன்டைன் 321ல் சட்டம் போடும்வரை ரோமப் பேரரசில் அது வேலை நாள். அதற்கு முன் கிறிஸ்தவர்கள் என்ன செய்தார்கள் என்று அவர்களைப் பிடிக்காத ஒருவரே எழுதி வைத்திருக்கிறார். பித்தினியா நாட்டு ஆளுநர் பிளினி, 112 வாக்கில் பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதத்தில் சொல்வது: இவர்கள் குறிப்பிட்ட ஒரு நாளில் விடியுமுன் கூடுகிறார்கள், கிறிஸ்துவைத் தெய்வமாகக் கொண்டு மாறிமாறிப் பாடுகிறார்கள், திருடமாட்டோம், விபசாரம் செய்யமாட்டோம், சொன்ன வாக்கை மீறமாட்டோம், நம்பி ஒப்படைத்த பொருளை இல்லையென்று சொல்லமாட்டோம் என்று சத்தியம் செய்துகொள்கிறார்கள், பிறகு கலைந்துபோய், சாப்பிட மறுபடி கூடுகிறார்கள். உண்மையை வரவழைக்க இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்ததாகவும் எழுதுகிறார். சபையில் அவர்களுக்குப் ‘பணிவிடைக்காரிகள்’ என்று பெயர். பாட்டு, சத்தியம், சாப்பாடு. அதன்பின் எஜமானின் வீட்டு வேலை. வாழ்க்கையும் ஆராதனையும் வேறு வேறா என்ற கேள்வி அந்தப் பெண்களுக்கு எழுந்திருக்காது.

ஆகவே ஷிப்ட் ஒரு பெரிய தடை இல்லை. சென்னையில் பல ஆலயங்களில் மாலை ஆராதனை உண்டு. காலை பத்தரைக்கும் உண்டு. களைப்பாக இருக்கும், தூங்கிவிடுவேன் என்கிறீர்கள். அதற்கும் முன்மாதிரி இருக்கிறது. துரோவா பட்டணத்தில் வாரத்தின் முதல் நாள் இரவு சபை கூடியிருந்தது. பகலெல்லாம் வேலை செய்தவர்கள். பவுல் நடுராத்திரிவரை பிரசங்கித்தார். ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஐத்திகு என்ற வாலிபன் தூக்கக் கலக்கத்தில் மூன்றாம் மெத்தையிலிருந்து கீழே விழுந்தான். யாரும் அவனைத் திட்டவில்லை. பவுல் இறங்கிப் போய் அணைத்துக்கொண்டார், அவன் பிழைத்தான், எல்லாரும் மேலே வந்து அப்பம் பிட்டுச் சாப்பிட்டு விடியும்வரை பேசிக்கொண்டிருந்தார்கள்.

இந்த ஞாயிறு மாலை போய்ப் பாருங்கள், தம்பி. ஜன்னலோரம் மட்டும் உட்கார வேண்டாம்.